காவல் நாயின் சாப்பாட்டுக் கணக்கு

தில்லியிலும் அதை ஒட்டிய காஜியாபாத், பரீதாபாத், சோனிப்பட் பக்கங்களிலும் கிடங்கு, பட்டறை, லாரி புக்கிங் ஆபீஸ் என்று தொழில் நடத்திவரும் நம்மவர்கள் பலர் காவலுக்கு நாய் வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேனுக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். கரண்ட் பில் எவ்வளவு, டீச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள், அதற்கும் பதில் வரும். நாயின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் மட்டும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். "மூட்டை வாங்கிப் போட்டிருக்கு சார், பையன் போடுவான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். நாய்க்கு உலர் தீவனம் வாங்கும்போது மூட்டையின் விலையைப் பார்த்து வாங்குவது பொய்யான சிக்கனம். நாயின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு என்ன செலவு என்று பார்த்து வாங்குவதே உண்மையான சிக்கனம். அப்படிக் கணக்குப் போட்டால், மலிவு மூட்டை பல நேரங்களில் மலிவாக இருப்பதில்லை. ஆகாயத்தைத் தொடும் விலையுள்ள மூட்டையும் தேவைப்படுவதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற நாயின் சாப்பாடு தர்மக் கணக்கில் எழுத வேண்டியதல்ல, சம்பளக் கணக்கில் எழுத வேண்டியது.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் நாமக்கல்காரர் ஒருவரின் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் கிடங்கில் இரண்டு நாய்கள் உண்டு. ஒன்று ராஜபாளையம், பெயர் வீரன். மற்றொன்று இந்த ஊர்த் தெருவிலேயே பிறந்து தானாக வந்து சேர்ந்த கறுப்பி. இரண்டின் சாப்பாட்டுச் செலவும் பல வருடங்களாக என் பேரேட்டில் தனிப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மருத்துவ விஷயங்களை மருத்துவரிடம் விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த கணக்கை மட்டும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில், நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? மூட்டையின் பின்புறம் ஒரு அட்டவணை இருக்கும். இத்தனை கிலோ எடையுள்ள நாய்க்கு இத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் வீட்டு நாயை மனதில் வைத்துப் போட்டது. சோபாவுக்கு அடியில் படுத்து, காலையும் மாலையும் பத்து நிமிடம் உலாவிவிட்டு வரும் நாய்க்கும், இரவு முழுதும் கிடங்கைச் சுற்றி வரும் நாய்க்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்?

இதற்கு மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கால்குலேட்டர் இருந்தால் போதும். நாயின் எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டுங்கள். 25 கிலோ நாய் என்றால், 25-ஐ 25-ஆல் பெருக்கி மறுபடி 25-ஆல் பெருக்கினால் 15,625. ஒரு முறை வர்க்கமூலம் எடுத்தால் 125. இன்னொரு முறை எடுத்தால் 11.18. இதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 780 கலோரி வரும். சும்மா படுத்திருக்கும் நாயின் உடம்பு தன்னைத் தானே நடத்திக்கொள்ள இவ்வளவு வேண்டும். அதே 11.18-ஐ 95-ஆல் பெருக்கினால் அமைதியான வீட்டு நாய்க்கு வேண்டியது, ஏறக்குறைய 1,060 கலோரி. 130-ஆல் பெருக்கினால் ஓடியாடும் நாய்க்கு வேண்டியது, ஏறக்குறைய 1,450 கலோரி. எங்கள் வீரனின் எடை 25 கிலோதான். கணக்குக்கு எளிதாக அவனுக்கு 1,500 கலோரி என்று வைத்திருக்கிறேன். வீட்டு நாய்க்கும் காவல் நாய்க்கும் நடுவே நானூறு கலோரிக்கு மேல் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள்.

வேலை நாய் என்ற ஒரே பெயரில் எல்லா நாய்களையும் அடைத்துவிடவும் கூடாது. அலாஸ்காவில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் பந்தய நாட்களில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரிக்கு மேல்கூடத் தின்று தீர்க்கின்றன. அவற்றுக்குக் கொழுப்பே விறகு. நம் காவல் நாய் அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. நடக்கும், நிற்கும், மோப்பம் பிடிக்கும், குரைக்கும், அவசியம் வந்தால் ஓடும். எனவே மூட்டையின் மேல் மலையேறும் நாயின் படம் போட்டு, வீரதீரப் பெயர் வைத்து விற்கும் அதிகக் கொழுப்புத் தீவனத்தை நாம் தேடி ஓட வேண்டியதில்லை.

இனி மூட்டைக்கு வருவோம். நம்மூரில் எந்தக் கம்பெனித் தீவனமானாலும் 'பெடிகிரி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் எதுவானாலும் மூட்டையில் படிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். புரதம் குறைந்தபட்சம் இவ்வளவு, கொழுப்பு குறைந்தபட்சம் இவ்வளவு, நார்ச்சத்து அதிகபட்சம் இவ்வளவு, ஈரப்பதம் அதிகபட்சம் இவ்வளவு என்று சின்ன எழுத்தில் நான்கு வரிகள் இருக்கும். எனக்கு மூக்குக்கண்ணாடி போட்டாலும் கஷ்டம்தான், பேரனைப் படிக்கச் சொல்வேன். சாம்பல் சத்து எவ்வளவு என்று சில மூட்டைகளில் இருக்காது. இல்லாவிட்டால் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இவை ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. நூறு கிராம் தீவனத்தில் புரதம் ஒரு கிராமுக்கு 3.5 கலோரி, மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்பு ஒரு கிராமுக்கு 8.5 கலோரி. சில கம்பெனிகள் கிலோவுக்கு இத்தனை கலோரி என்று அச்சிட்டே கொடுக்கின்றன. அப்படியானால் வேலை மிச்சம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் கடையில் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூட்டையில் புரதம் 20, கொழுப்பு 6, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8. மிச்சம் 51 மாவுச்சத்து. பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 300 கலோரி, கிலோவுக்கு 3,000. விலை கிலோ 150 ரூபாய்.

இரண்டாவது மூட்டையில் புரதம் 26, கொழுப்பு 15, நார் 3, ஈரம் 10, சாம்பல் 8. மிச்சம் 38. கிலோவுக்கு ஏறக்குறைய 3,500 கலோரி. விலை கிலோ 175 ரூபாய்.

20 கிலோ மூட்டையாக வாங்கினால் முதலாவது 3,000 ரூபாய், இரண்டாவது 3,500 ரூபாய். கடையில் நிற்கும்போது ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் கண்ணை உறுத்தும். ஆனால் 1,500 கலோரி கொடுக்க முதல் மூட்டையில் 500 கிராம் அளக்க வேண்டும். அதன் விலை 75 ரூபாய். இரண்டாவதில் 430 கிராம் போதும். அதன் விலையும் 75 ரூபாய்தான்! முதல் மூட்டை 40 நாளில் தீரும். இரண்டாவது 46 நாள் தாண்டியும் வரும். அந்த ஐந்நூறு ரூபாய் மிச்சம் எங்கே போயிற்று?

எங்கள் முதலாளி ஒரு சமயம், வரும்படி குறைந்த மாதத்தில், "ஏனுங்க சார், கிலோவுக்கு இருபத்தஞ்சு ரூபா கம்மின்னா அது கம்மிதானுங்களே?" என்று கேட்டார். "கிலோவுக்குக் கம்மிதானுங்க முதலாளி, நாளைக்குக் கம்மியில்லைங்க" என்று மேலே சொன்ன கணக்கைத் துண்டுக் காகிதத்தில் எழ்திக் காட்டினேன். லாரிக்கு டீசல் மைலேஜ் பார்க்கிறவருக்கு இது புரிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லிட்டர் விலை மட்டும் பார்த்து யாராவது வண்டி ஓட்டுவார்களா? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதானே பார்க்கிறோம்.

முதல் மூட்டை மோசமானது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆஃப்கோ என்ற தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவுப்படி, வளர்ந்த நாயின் உணவில் ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் புரதம் குறைந்தது 18 சதவீதமும் கொழுப்பு 5.5 சதவீதமும் இருக்க வேண்டும். முதல் மூட்டை அதைத் தாண்டிவிடுகிறது. வீட்டு நாய்க்கு அது தாராளமாகப் போதும். வேலை நாய்க்கும் உயிர் வாழப் போதும். ஆனால் நாளுக்கு நாள் செலவு ஒன்றாகவே இருக்கும்போது, அதிகப் புரதமும் அதிகக் கொழுப்பும் உள்ளதை ஏன் விட வேண்டும்? தவிடும் உமியும் அதிகமுள்ள தீவனம் செரிக்காமல் வெளியே வந்துவிடும். காலையில் கிடங்கைப் பெருக்கும் பையனைக் கேட்டால் எந்தத் தீவனம் நல்லது என்று அவனே சொல்லிவிடுவான்.

கணக்குக்கு மேல் பார்க்க வேண்டியவை இரண்டு. முழுமையான, சமச்சீரான உணவு என்று மூட்டையில் எழுதியிருக்க வேண்டும். அந்த வார்த்தை இல்லாமல், உணவோடு சேர்த்துக் கொடுப்பதற்கு என்று இருந்தால் அதை மட்டும் போட்டு வளர்க்கக் கூடாது. அடுத்தது பொருள் பட்டியல். சமைப்பதற்கு முன் இருந்த எடையின் வரிசையில்தான் பெயர்கள் வரும். பச்சைக் கோழிக்கறி முதலில் இருந்தால் மயங்கிவிட வேண்டாம். பச்சைக் கறியில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்தால் அது வரிசையில் பின்னால் போய்விடும். கறியை உலர்த்திப் பொடித்தது சேர்ந்திருந்தால் அதைக் கேவலமாக நினைக்கவும் வேண்டாம். அது தண்ணீர் நீங்கிய புரதம்.

இப்போது விலை உயர்ந்த பக்கம். கிலோ 450 ரூபாய்க்கு ஒரு தீவனம் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 4,000 கலோரி இருந்தாலும் ஒரு நாளைக்கு 169 ரூபாய் ஆகும். மாதத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல். 75 ரூபாய்க் கணக்கில் அது 2,250 ரூபாய். இந்த இரட்டை மடங்குக்கு மேலான செலவுக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, "இதில் தானியமே இல்லை, நாய் ஓநாய் வம்சம்" என்பது. நாய் மனிதனோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான வருடங்களில் மாவுச்சத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மாவைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருப்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. தானியமில்லாத சில தீவனங்களுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரிக்கவும் தொடங்கியது. அதுதான் காரணம் என்று நிறுவப் போதிய தரவு இல்லை என்று 2022-இன் இறுதியில் அதே நிர்வாகம் சொன்னது. ஆகவே பயப்படவும் வேண்டாம், அந்தப் பெருமைக்காக இரட்டை விலை கொடுக்கவும் வேண்டாம். நோயுள்ள நாய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

நம் வீடுகளில் வேறொரு கட்சியும் உண்டு. "எதற்குக் கம்பெனித் தீவனம்? எங்கள் தாத்தா காலத்து நாய் தயிர்சாதம் தின்றே பதினைந்து வருஷம் இருந்தது" என்பார்கள். தயிர்சாதத்தின் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? இரண்டு பங்கு சாதம், ஒரு பங்கு தயிர் என்று பிசைந்தால் நூறு கிராமுக்கு 107 கலோரி போல வரும். 1,500 கலோரிக்கு ஒரு கிலோ நானூறு கிராம் தயிர்சாதம் தின்ன வேண்டும். அவ்வளவும் தின்றாலும் கிடைக்கும் புரதம் சுமார் 40 கிராம்தான். மேலே சொன்ன முதல் மூட்டையில் அதே நாளுக்கு 100 கிராம் புரதம் கிடைக்கிறது. இரண்டாவதில் 110. தாத்தா காலத்து நாய் வயல் எலியும், தெருவில் கிடைத்த எலும்பும், ஊர் முழுக்கச் சுற்றித் தின்றதும் நம் கணக்கில் வரவில்லை. பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் தில்லி நாய்க்கு அந்த வழியெல்லாம் கிடையாது. தட்டில் நாம் வைப்பதுதான் அதற்கு உலகம்.

ஆசைக்கு ஒரு பிடி தயிர்சாதம் வையுங்கள். நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. சாம்பார்சாதம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்துக்கு ஆகாது. திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் வேண்டவே வேண்டாம், திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். பிரசாதம் என்றாலும் நாய்க்கு விஷம் விஷம்தான். வாட்ச்மேன் டீயோடு போடும் பிஸ்கட்டையும் ஒன்றிரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் ஊர் நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2005 ஜனவரியில் தபால் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்றில் நம் ராஜபாளையம் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். இங்கே பக்கத்தில் கர்னாலில் இருக்கும் தேசியக் கால்நடை மரபு வள நிலையத்தின் பதிவேட்டில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஏறிவிட்டன. பெருமைதான். அந்தப் பெருமையில் லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது குட்டியை வாங்கி வருகிறவர்கள் நம்மில் உண்டு. விருதுநகர் வெயிலுக்குப் பிறந்த மெல்லிய தோலும் குட்டை முடியும் உள்ள அந்த நாய், நான்கு டிகிரிக்கு இறங்கும் தில்லி ஜனவரி இரவில் சிமெண்ட் தரையில் நிற்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குளிரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே அதற்குக் கூடுதல் சாப்பாடு வேண்டும்.

எங்களிடம் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை வீரனுக்குப் பதினைந்து சதவீதம் கூட்டிவிடுகிறோம். அதாவது 1,725 கலோரி. முதல் மூட்டை என்றால் 575 கிராம், இரண்டாவது என்றால் 490 கிராம். இங்கேதான் கொழுப்புள்ள தீவனத்தின் அருமை தெரிகிறது, வயிற்றைப் புடைக்க வைக்காமல் வேண்டியது போய்ச் சேருகிறது. கறுப்பிக்கு இந்த ஊர்க் குளிர் பழக்கம், முடியும் அடர்த்தி. அவளுக்கு அவ்வளவு கூட்டுவதில்லை. எத்தனை கூட்டினாலும் படுக்கக் கோணிச் சாக்கும் காற்று மறைப்பும் கொடுக்காவிட்டால் பிரயோஜனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டியது சரியா, குறைத்தது சரியா என்று எப்படித் தெரியும்? சூத்திரம் ஆரம்பத்துக்குத்தான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்கு ஒரே அளவு ஒத்துவர வேண்டும் என்ற விதி கிடையாது. விலாவில் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் தூரத்திலிருந்து எண்ணும்படி துருத்தக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்புத் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை போன்ற ஒல்லி ஜாதிகளில் ஒன்றிரண்டு எலும்பு தெரிவது சகஜம். எங்களுக்கு வசதியாகப் பார்சல் நிறுக்கும் தராசு இருக்கிறது. மாதம் முதல் தேதி இரண்டு நாய்களையும் அதில் ஏற்றி எடையை எழுதிவைக்கிறோம். வீட்டில் இருப்பவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, தங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

மூட்டையை வாங்குவதோடு காரியம் முடிவதில்லை, வைத்திருக்கும் விதமும் செலவுதான். ஜூலை, ஆகஸ்டில் காற்றே ஈரமாக இருக்கும்போது வாய் திறந்த மூட்டை ஒரு வாரத்தில் வாடை மாறிவிடும். கொழுப்புக் கெட்டால் நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பூஞ்சை பிடித்தால் அதைவிட ஆபத்து. மக்காச்சோளம் போன்ற தானியத்தில் வரும் ஒரு வகைப் பூஞ்சை நஞ்சு ஈரலைத் தாக்கும். 2020 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் அந்த நஞ்சு கலந்த உலர் தீவனம் திரும்பப் பெறப்பட்டது, அதைத் தின்ற நூற்றுக்கு மேற்பட்ட வளர்ப்புப் பிராணிகள் இறந்ததாகப் பின்னர் தகவல் வந்தது. அவ்வளவு பரிசோதனை உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், பெயரில்லாத சாக்கிலிருந்து கடைக்காரர் லூசாக அள்ளிக் கொடுக்கும் தீவனத்துக்கு யார் பொறுப்பு? எப்போது தயாரானது, எப்போது திறந்தார், எலி ஏறியதா என்று ஒன்றும் தெரியாது. லூஸ் தீவனம் எத்தனை மலிவானாலும் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் பெரிய மூட்டைக்குப் பதில் சின்ன மூட்டை வாங்குங்கள். அந்த மூட்டையோடேயே மூடியுள்ள டின்னில் வைத்து, வாயைச் சுருட்டிக் கிளிப் போடுங்கள்.

உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். மே, ஜூனில் தீவனத்தையே கொஞ்சம் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது. ஒரு நாள் அளவை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். வயிறு முட்டத் தின்ற உடனே ஓட விடாதீர்கள். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் பழையதோடு புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மெள்ள மாற்றுங்கள்.

கடைசியாக, இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கிடங்குக்கு இரவுக் காவலுக்கு ஒரு ஏஜென்சியிலிருந்து வாடகை நாய் வரும். கூடவே கையாளும் பையன் ஒருவன், பிகார்க்காரன். நாய்க்கு விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும். பையனைக் கேட்டேன். "நான் தின்கிற ரொட்டியில் அதற்கும் பங்கு கொடுக்கிறேன் பாபுஜி, ஆபீசில் கொடுக்கும் தீவனம் வாரத்தில் நாலு நாளைக்குத்தான் வரும்" என்றான். கிடங்குக்காரர் மாதாமாதம் முழுப் பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தில் நாயின் பங்கு யார் பைக்குப் போகிறது? அரைச் சம்பளம் வாங்கும் பையன், தன் அரை வயிற்றில் நாய்க்குக் கால் வயிறு கொடுக்கிறான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, சொந்தக்காரர் தன் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் கொடுக்கத் தவறுவதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. நம் கணக்குப்படி காவல் நாயின் ஒரு நாள் சாப்பாடு 75 ரூபாய். பட்டினி போட்டுப் பிடிபடுவது, ஒரு நாள் சோறு போடுவதைவிட மலிவு! இப்படிப்பட்ட இடத்தில் சட்டத்தை நம்பிப் பயனில்லை, பணம் கொடுக்கிறவர்தான் கேட்க வேண்டும். வாடகை நாய் அமர்த்தும் அன்பர்களே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் என்ன தீவனம், நாளுக்கு எத்தனை கிராம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நாய் வந்ததும் விலாவைத் தடவிப் பாருங்கள்.

"மனிதனுக்கே சாப்பாடு இல்லாத ஊரில் நாய்க்கு இவ்வளவு கணக்கா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தெருவில் போகும் நாய்க்கெல்லாம் கம்பெனித் தீவனம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. நாம் வேலைக்கு அமர்த்திய நாயைப் பற்றித்தான் பேசுகிறேன். அது லீவு கேட்பதில்லை, முன்பணம் கேட்பதில்லை, தீபாவளிக்கு போனஸ் கேட்பதில்லை. கேட்காதவன் கூலியில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும், அது மனித சுபாவம். வியாபாரம் சுருங்கும் மாதத்தில் நாயின் மூட்டையைத்தான் முதலில் மாற்றுகிறோம். வெளிமாநிலத்தில் வந்து கூலி வேலையில் தொடங்கி முன்னுக்கு வந்த நமக்கு, கூலியைக் குறைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்பர்களுக்கு என் யோசனை எளியது. அடுத்த மூட்டை வாங்கப் போகும்போது கால்குலேட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிலோ விலையை ஒரு கிலோவின் கலோரியால் வகுத்து, உங்கள் நாய்க்கு வேண்டிய கலோரியால் பெருக்குங்கள். வரும் தொகையை இரண்டு மூன்று மூட்டைகளுக்குப் போட்டுப் பார்த்து, முழுமையான உணவு என்று எழுதியிருப்பவற்றில் குறைந்ததை வாங்குங்கள். பிறகு அந்தத் தொகையை வாட்ச்மேன் சம்பளத்துக்கு அடுத்த வரியில் நாயின் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். தீவனம் அளக்க ஒரு டம்ளரில் கோடு கிழித்து, போடுகிறவர் கையில் கொடுங்கள். அந்த வரியில் யார் கை வைத்தாலும் பேரேடு காட்டிக்கொடுத்துவிடும்.